அண்ணன் கேட்ட முட்டுக்கால்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் டைப் அடிக்கும் வேலையும் கிடைத்திருந்தது. தச்சு வேலை பார்த்த அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதுவரை கூலிக்கே போனவர், நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மரத்தில் மாடிப்படி செய்யும் வேலையைத் தாமே ஏற்றிருந்தார். அது நன்றாக அமைந்தால் மாடி அறைகளின் கதவு, சன்னல் எல்லாம் அவருக்கே என்று முதலாளி சொல்லியிருந்தார்.

படிகளைத் தாங்கும் இரண்டு சாய்வுச் சட்டங்களையும் பாதி நீளத்தில் தரையிலிருந்து தாங்க முட்டுக்கால் வைக்க வேண்டும் என்றார் அண்ணன். முதலாளிக்கோ கீழே மேசை போட இடம் வேண்டும். நான் ஆபீஸ் புத்தகத்தில் ஒரு அட்டவணையைப் பார்த்தேன். அந்த நீளத்துக்கு அந்தக் கனத்தில் சட்டம் போட்டால் முட்டு தேவையில்லை என்றிருந்தது. தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

"நடுவுல தொங்கிறாதா பிள்ள?"

"நீங்க கண்ணால அளக்குறீங்கண்ணே. இது கணக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். கூட மரம் அறுத்துக்கொண்டிருந்த கூட்டாளியிடம், "ஏலே, இஞ்சினீயரம்மா சொல்லிட்டாக. முட்டுக்கால அடுப்புக்குப் போட்டுருலே!" என்றார்.

முடிந்த படியைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனார். நான்கு பேர் இரும்புப் பீரோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறியதும் மரம் முறியும் சத்தம் கேட்டது. அண்ணன் ஓடிப்போய்ச் சட்டத்துக்கு அடியில் வலது தோளைக் கொடுத்தார்.

"வெரசா எறங்குங்கப்பா!"

அவர்கள் இறங்கும்வரை நகரவில்லை.

படிப்பலகை உட்காரவென்று வெட்டிய பள்ளத்தின் மூலையில்தான் சட்டம் முறிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அட்டவணை, வெட்டுப்படாத முழுச் சட்டத்துக்கு உரியது. ஒவ்வொரு படிக்கும் வெட்டியது போக இங்கே பாதிக் கனம்தான் மிச்சம். அதை நான் கழிக்கவே இல்லை.

"முட்டில்லாமலே நிக்கும்னு எதை வச்சுய்யா சொன்ன?" என்று முதலாளி கத்தினார்.

"என் கண்ணளவுதாங்க மொதலாளி. தப்பாப் போச்சு" என்றார் அண்ணன், தோளைப் பிடித்தபடி.

ஆபீசுக்குக் கட்டும் நல்ல சேலையில் நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

கதவு, சன்னல் வேலை வேறொருவருக்குப் போனது. அந்தத் தோளோடு ரம்பம் இழுக்க முடியாமல், அண்ணன் மன்னவனூரில் உருளைக்கிழங்குக் காட்டுக் காவலுக்குப் போய்விட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் யாரிடமாவது, "எந்தங்கச்சி, படிச்ச புள்ள" என்று என்னைக் காட்டுவார். இடது கையால்தான் காட்டுவார்.