பெயர் அழிந்த கல்லறை

நான் காரைக்குடியில் சுற்றுலா வழிகாட்டி. இந்தப் பக்கம் வந்து குடியேறிய தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைத் தேடி, இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மூன்று நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. அவர் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்பட்டு, பெயர் அழிந்த ஒரு கல்லறையைக் காட்டி, "இதுதான்" என்று சொல்லிவிட்டேன். மண்டியிட்டு அழுதார்.

அப்போது பூவோடு வந்த ஒரு பெண் என்னிடம், "இது எங்க மாமனாரு கல்லறை. என்ன சொல்லி இவுகளக் கூட்டியாந்தீக?" என்றார்.

கூனிக்குறுகி, இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "இவருடைய மாமனார் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்" என்றார்.

"ரொம்பக் கோவக்காரவுக. ஆனா நான் சாப்பிடாம அவுக சாப்பிட மாட்டாக."

ஒரு சொல்லும் கூட்டாமல் அதை மொழிபெயர்த்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை.