துப்பாக்கிச் சந்தையில் ஒரு காதுமூடி

பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில்தான் அந்த யோசனை வந்தது. ஹம்பேர்க்கில் பல்வலிக்காரருக்கு வேட்டைக்காரர் சஞ்சிகையை வாசிக்கக் கொடுக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. அதன் நடுப்பக்கத்தில் ஒரு பெரிய மீசைக்காரர், அவர் காதுகளில் இரண்டு பச்சைக் கிண்ணங்களைக் கவிழ்த்ததுபோல ஒரு கருவி, பக்கத்தில் நாய். கீழே விளம்பரம்: மான் இலையை மிதிப்பது கேட்கும், உங்கள் வெடி கேட்காது. இருமுவதுபோலப் பாவனை செய்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். என் சிநேகிதிக்கு வேண்டியது இதுதான்.

அவள் என்னைப்போல இங்கே பிறந்தவள் அல்ல. ஆஸ்பில்டுங் என்று இங்கே சொல்லும் தொழிற்பயிற்சிக்காக, தாதியாவதற்கு, இரண்டு வருடங்களுக்கு முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். சின்ன வயதில், யுத்தத்தின் கடைசி மாதங்களை வன்னியில் பதுங்குகுழிகளுக்குள் கழித்தவள். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை; கதைக்காமலே சமாளித்தும் விடுவாள், புத்தாண்டு இரவு வராவிட்டால். வருடம் முழுக்க மதியத்தில் புல் வெட்டினாலே அயலவருக்குக் கண்டனக் கடிதம் எழுதும் இந்த மக்கள், அந்த ஒரு நாள் மட்டும் ஊரையே வெடியால் கிழிப்பார்கள். அவள் பயிற்சி பெறும் முதியோர் இல்லத்தில் அன்றைய வேலைக்கு ஒவ்வொருவராக முறை வரும். போன வருடம் அவள் முறை. வயிற்றுக்குத்து என்று வைத்தியரிடம் சான்றிதழ் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் இருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயான ஒரு போலந்துக்காரி அவளுக்குப் பதிலாக நின்றாள். இந்த வருடமும் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. வருவாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் தலைமைத் தாதிக்குச் சொல்ல வேண்டும்.

"ஏலாது எண்டு சொல்ல வெக்கமா இருக்கு. ஓம் எண்டு சொல்லப் பயமா இருக்கு," என்றாள். "பஞ்சை அடைச்சுக்கொண்டு நிண்டால் அந்த வயசுபோன சனம் மணி அடிக்கிறதும் கேக்காது."

நான் விளம்பரத்தை நீட்டினேன். ஒன்லைனில் வாங்கலாம் என்றேன்.

"தலையிலை வைச்சுப் பாக்காமல் வாங்க ஏலாது. எனக்குக் கொண்டை இருக்கு."

அந்தக் கொண்டைதான் எங்களைத் துப்பாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனது. ரயிலில் ஒரு மணி தூரத்திலுள்ள ஊரில் சனிக்கிழமை ஒரு சந்தை நடப்பதைக் கண்டுபிடித்தேன். டெசிபல், மின்கல ஆயுள், கிண்ணத்தின் ஆழம் என்று பதினொரு காதுமூடிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். என் முதுகலைப் படிப்புக்கு இந்த உழைப்பில் பாதி கிடைத்திருந்தால் இந்நேரம் முடித்திருப்பேன். அம்மாவிடம் காதுக் கருவிக் கண்காட்சிக்குப் போவதாகச் சொன்னேன். பொய் இல்லை. அப்பாவுக்கும் ஒன்று விசாரிக்கச் சொன்னார்.

மண்டப வாசலில் ஒரு பாதுகாவலர் நின்றார். தம் துப்பாக்கியை விற்கக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வரிசை, வெறுங்கையோடு வந்தவர்களுக்கு இன்னொன்று. எங்கள் முறை வந்ததும் சிநேகிதி, யாரும் கேட்காமலே, பையை அகலத் திறந்து காட்டினாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி, உள்ளே புட்டு என்று காட்டினாள். தண்ணீர்ப் போத்தலில் ஒரு மிடறு குடித்துக் காட்டினாள். பிறகு நீலக் கோப்பு ஒன்றை நீட்டினாள்: கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, ஆஸ்பில்டுங் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள். கடைசியாகக் கைகளை இரு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பதினெட்டு வயதாகிவிட்டதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்," என்றார் அவர். அவள் கையைக் கீழே இறக்கவில்லை. அவர் கோப்பின் முதல் தாளைப் பார்த்தார். மரியாதைக்காக இரண்டாவது தாளையும் பார்த்தார்.

உள்ளே போனதும், "ஏனடி உந்தக் கூத்து? இது என்ன ஆமிச் செக்பொயின்ரே?" என்றேன்.

"துவக்கோடை ஆக்கள் நிக்கினம். பேந்து என்னெண்டு நினைக்கிறது?"

"அந்த மனிசன் உன்ரை புட்டைக் கண்டு பயந்துபோச்சு."

"கேக்க முதல் காட்டினால் கெதியா விடுவினம். உனக்கு உதொண்டும் தெரியாது."

உண்மையான துப்பாக்கி வாங்குவதற்குக் கழகம், பரீட்சை, அனுமதி அட்டை, இரும்புப் பெட்டகம் எல்லாம் வேண்டும் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாவற்றுக்கும் வயது போதும். ஹம்பேர்க்கில் ஓர் அறை வாடகைக்கு எடுக்க அந்த நீலக் கோப்பு முழுவதும் போதாமல் இருந்தது. இங்கே முழங்கை நீளக் கத்தியை வைத்திருந்தவர் எங்களிடம் கேட்டது இடது கைக்காரியா என்று மட்டும்தான். ஒரு மேசையில் உருமறைப்பு நிறத்தில் கைக்குழந்தைச் சட்டைகள் தொங்கின. தவழும் பிள்ளையைப் புல்வெளியில் தொலைக்க விரும்பும் பெற்றோரும் இருக்கிறார்கள்போலும். இன்னொரு மேசையில் மிளகுத் தெளிப்பான். விலங்குகளிடமிருந்து தற்காக்க மட்டும் என்று போத்தலில் எழுதியிருந்தது.

"எந்த விலங்கு?" என்று சிநேகிதி தன் கவனமான ஜெர்மனில் கேட்டாள்.

"எதுவானாலும்," என்றார் விற்பவர். "பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் விலங்குகளுக்கும் பிடிக்கும்."

நான் அதற்குள் பதினான்கு பைகள் வைத்த ஒரு காற்சட்டைக்கு மயங்கியிருந்தேன். ஒவ்வொரு பைக்கும் என்ன வைப்பது என்று எட்டு வரை யோசித்துவிட்டேன். அப்போது பக்கத்து மேசையில் யாரோ ஓர் இரும்புப் பெட்டியை அடித்து மூடினார்கள்.

சிநேகிதி எனக்கு முன்னால் நின்றவள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் இருந்தாள், குந்தியபடி, என் சட்டையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் காட்டினாள். அவள் போட்டிருந்த சப்பாத்துக்கு நாடா இல்லை. நான் காற்சட்டையைக் கீழே வைத்தேன்.

காதுமூடி மேசை மண்டபத்தின் கடைசியில் இருந்தது. அங்கே அந்த விளம்பர மீசைக்கு அண்ணன் மீசை வைத்த ஒருவர். நான் என் அட்டவணையை விரித்து, கிண்ண ஆழத்தில் தொடங்கினேன். அவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சுடுகிறீர்கள்? கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா?"

"விளையாட்டுக்குத்தான்," என்று முந்திக்கொண்டு நான் பொய் சொன்னேன். ஏன் என்று கேட்டால், அந்த மண்டபத்தில் வேறு பதில் வெட்கமாக இருந்தது.

"இல்லை," என்றாள் அவள். "நான் சுடுவதில்லை. எங்களை நோக்கிச் சுட்டார்கள்."

"எவ்வளவு தூரத்திலிருந்து?" என்று, பழக்கதோஷத்தில், அவர் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. மீசையைத் தடவினார். மேசையில் பளபளத்த விலை கூடிய காதுமூடியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கீழே குனிந்து சாதாரணமான ஒரு பச்சையை எடுத்தார். "இது நல்லது. நானும் இதைத்தான் போடுகிறேன்," என்றார். என் அட்டவணையில் அது ஏழாவது இடத்தில் இருந்தது.

கொண்டையை அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டி, கருவியைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். பிறகு அவள் முகம் மாறியது.

"எடி, எனக்கு எல்லாம் கேக்குது."

"என்ன கேக்குது?"

"அங்காலை தொப்பி போட்டவர், புதுசு வாங்கிப்போட்டு மனிசிக்கு இது பழசு, அலுமாரிக்குப் பின்னாலை கிடந்தது எண்டு சொல்லப்போறாராம். மற்றவர் சொல்லுறார், போன வருசமும் அப்பிடித்தானே சொன்னனீ எண்டு."

அவர்கள் நான்கு மேசை தள்ளி நின்றார்கள். விற்பவர் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். அரை மணி நேரம் அவள் தலையில் பச்சைக் கிண்ணங்களோடு முன்னே நடக்க, நான் பின்னே ஓடினேன். ஒருவருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையாம். ஒருவர் காட்டுப்பன்றியை எட்டு வருடமாகத் துரத்துகிறாராம், ஒன்றுகூட விழவில்லையாம். இரண்டு பேர் மரக்கறி சாப்பிடத் தொடங்கியதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்களாம்.

"உவையள் எல்லாரும் பாவங்களடி," என்றாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது விற்பவர் ஒரு துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கி, என்னிடம் கண்ணால் கேட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் அடித்து மூடினார். துள்ளியது நான். அவள் திரும்பி, "என்னவாம்?" என்றாள்.

வாங்கிவிட்டோம். நான் வென்றதாகவே நினைத்தேன். ரயில் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிடும்போது, திங்கட்கிழமை ஓம் என்று சொல்லலாம்தானே என்று கேட்டேன். சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது. காதுமூடி இன்னும் அவள் தலையில்தான் இருந்தது. ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"காதுக்கு இது காணும்," என்றாள், ரயிலின் கடைசிப் பெட்டியும் போன பிறகு. "ஆனால் வெடி காதாலை மட்டும் வாறதில்லை. காலுக்குள்ளாலை வரும். நெஞ்சுக்குள்ளை வரும். அதுக்கு உன்ரை அட்டவணையிலை என்ன இருக்கு?"

ஒன்றும் இருக்கவில்லை. பதினொரு காதுமூடிகளில் ஒன்றின் விபரத்திலும் நெஞ்சைப் பற்றி எழுதவில்லை.

ரயிலில் ஏறி இருந்ததும் அவள்தான் காதுமூடியைக் கழற்றி, பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் மீசைக்காரர் ஏதோ கிறுக்கியிருந்தார்: ஹம்பேர்க்கின் ஓரத்தில் அவருடைய சுடும் கழகத்தின் முகவரி, ஞாயிறு பத்து மணிக்குப் பயிற்சி, வெளியாட்களும் வரலாம். அதன் கீழே, தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

"நாளைக்குப் போவம்," என்றாள். "அங்கை வெடிச்சத்தத்துக்குள்ளை நிக்க ஏலாதெண்டால் திங்கள் ஏலாதெண்டு சொல்லுறன். வயித்துக்குத்து எண்டில்லை. என்னத்துக்கெண்டும் சேத்துச் சொல்லுறன்."

நான் உடனே கைபேசியில் திட்டம் போட்டேன்: முதல் ஐந்து நிமிடம் வேலிக்கு வெளியே, அடுத்த ஐந்து வாசலில், பிறகு சுடுமிடத்தைப் பார்க்கக் கண்ணாடி அறை இருந்தால் அதற்குள், ஒவ்வொரு கட்டத்திலும் நாடித்துடிப்பு குறிக்க வேண்டும். அவள் எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள்.

"முதல் கார் விடுற இடத்திலை நிப்பம். உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பன். நான் கையை விட்டால்தான் கிட்டப் போறது. அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது."