நாலாம் கவுன்டரும் தகர அறையும்

தொலைபேசி கம்பெனியின் வாடிக்கையாளர் கூடத்தில் நாலாம் கவுன்டர் என்றால் அவள்தான். ஒன்பது வருஷம் தொலைந்த சிம்முக்கும் தேய்ந்த சிம்முக்கும் மாற்று கொடுத்து, வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. இடையில் வீட்டிலிருந்தே படித்து ஒரு சான்றிதழும் வாங்கினாள். மாடியில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் விண்ணப்பம் போட்டுவிட்டாள். நெட்வொர்க்கில் உள்ள ஓட்டையைத் திருடனுக்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. மூன்று மாதத்துக்குள் உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் நாலாம் கவுன்டர்.

"போய்ப் பாரு. கவுன்டர் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றான் எலக்ட்ரீஷியன் கணவன். ஆறுதல் சொன்னானா, வயிற்றெரிச்சலைக் கிளப்பினானா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆய்வுக்கூடத்தின் நடுவில் ஒரு தகர அறை. கதவைச் சாத்தினால் வெளி டவரின் சிக்னல் துளிகூட உள்ளே வராது. உள்ளே இருக்கும் குட்டி நெட்வொர்க்கை வைத்துக்கொண்டு என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். இரண்டாவது வாரமே அவள் அந்த அறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள். குட்டி நெட்வொர்க்கில் முடக்கிவைத்த கார்டுக்கு மெசேஜ் வருகிறதாம்! எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. மெசேஜ் வந்தது வெளி டவரிலிருந்து. மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கதவு. "கதவு, டீ குடிக்க வர்றியா?" என்று கூசாமல் கூப்பிட்டார்கள். கோபத்தை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

மூன்றாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. சிம் மாற்றுவதைச் சோதிக்கும் வேலை அவளிடம் வந்தது. பழைய கார்டு இருக்கும் போனை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும் என்கிறது கையேடு. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் மாற்றுவார்கள். கவுன்டரில் யார் அணைத்தார்கள்? எண் சரிதானா என்று பார்க்கப் பழைய போனுக்கு ஒரு கால் போட்டு, புதிய கார்டுக்கு உயிர் வரும்வரை அதைத் துண்டிக்காமல் வைத்திருப்பார்கள். வரிசை நீளமாக இருக்கும்போது எவன் கையேட்டைப் புரட்டுவான்? ஒன்பது வருஷப் பழக்கம், அவள் கை தானாகவே அப்படிச் செய்தது.

புதிய கார்டு உயிர்பெற்றது. சோதனைக்காக, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. ரகசிய எண் மாதிரி ஒன்றை அந்த நம்பருக்கு அனுப்பினாள். அது பழைய போனில் வந்து விழுந்தது.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது தையல்கடை அம்மாதான். மூன்று வருஷத்துக்கு முன் கவுன்டரில் புது போனுக்குச் சிம் மாற்றிக்கொண்டு போய், மறுநாளே திரும்பி வந்தவர். "மெசேஜ் பழைய போனுக்கேதாம்மா வருது" என்றார். "அப்படியெல்லாம் வரவே வராதும்மா, நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க" என்று இவள், புகார் ஏட்டில் பெயரையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டாள். விஷயம் இப்போதுதான் புரிந்தது. கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டை மாற்றினால், பழையதை நீக்கச் சொல்லும் உத்தரவு வழியிலேயே தொலைந்துபோகிறது. போனைத் திருடியவன் யாரிடமாவது பேசிக்கொண்டே இருந்தால் போதும். சொந்தக்காரர் புதிய கார்டு வாங்கிய பிறகும் அவருடைய ரகசிய எண் திருடன் கைக்குத்தான் போகும்.

இந்த முறை அவள் கத்தவில்லை. ஆய்வுக்கூடத் தலைவரின் மேசைக்கு நடந்து போய்ச் சொன்னாள்.

"கதவைச் சாத்தியிருந்தீங்களா?" என்றார் அவர். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்களே வந்து சாத்துங்க சார்."

அவரே சாத்தினார். தாழைப் போட்டு, இழுத்தும் பார்த்தார். அவள் மறுபடி முதலிலிருந்து செய்து காட்டினாள். பழைய போன் டிங் என்றது. தலைவர் அதைக் கையில் எடுத்துப் படித்தார். இன்னொரு முறை என்றார். மறுபடியும் டிங். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இருபது வருஷமா இங்க இருக்கோம். நாங்க யாரும் பேசிக்கிட்டே மாத்திப் பாத்ததில்லைம்மா."

"நீங்க யாரும் கவுன்டர்ல உக்காந்ததில்லையே சார்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான், வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று தோன்றியது. தோன்றினாலும் வருத்தப்படவில்லை. நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

வேலை நிரந்தரமானது. ஓட்டையை அடைக்க ஒரு மாதம் பிடித்தது. அடைத்து முடித்த அன்று, பழைய புகார் ஏட்டில் தையல்கடை அம்மாவின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள்.

"அம்மா, நாலாம் கவுன்டர்ல இருந்தேனே, அந்தப் பொண்ணு. அன்னைக்கு நீங்க சொன்னது சரிம்மா. நான்தான் தப்பு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் அந்த அம்மா. பிறகு கடையில் இருந்தவர்களிடம் திரும்பி, "ஏய், கம்பெனில இருந்து பேசுறாங்க. அன்னைக்கு நான் சொன்னது சரியாம்!" என்று உரக்கச் சொன்னது இவளுக்கும் கேட்டது.

அந்த ஓட்டையைப் பற்றிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'முதலில் கவனித்தவர்' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் தன் பெயரைத்தான் எழுதுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தையல்கடை அம்மாவின் பெயரை எழுதினாள். கீழே, 'நிரூபித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.