சுண்ணாம்புக்குள் போன கோடுகள்

மட்டாஞ்சேரியில் காயல் எங்கள் அடுப்படிவரை வந்துபோகும். கடல் ஏறுவதை வேலியேற்றம் என்பார்கள் அங்கே. ஏற்ற நாட்களில் உப்புத்தண்ணீர் பொங்கி, தூர்ந்துபோன வாய்க்கால் வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். நான் மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவள். ஊர்க் குப்பையை வாரிவிட்டு வந்து என் வீட்டுச் சேற்றையும் வாரவேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆராய்ச்சிக்காரர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். படித்தவர் படிக்காதவர், யார் வேண்டுமானாலும் வரலாமாம். போனேன். ஏறும் தண்ணீரை நாங்களே குறித்துவைக்க வேண்டும்; எல்லோர் குறிப்பையும் சேர்த்து ஒரு வரைபடம் போடுவார்கள்; அதில் வரும் சந்துகளில் முதலில் வாய்க்கால் தூர்வாரச் சொல்வார்கள். என்னையும் ஓர் ஆளாக மதித்து நாற்காலி போட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொடுத்த தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்குத் தமிழ்தான் எழுத வரும். அது அவர்களுக்கு வராது. "சேச்சி எழுதண்டா, சுவரில் ஒரு வர வரச்சால் மதி," என்றார் ஆராய்ச்சிக்காரப் பெண். கோடு போட்டால் போதும். அன்றுமுதல் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அடுப்புக்கரியால் ஒரு கோடு. இரண்டு வருஷம். ஒரு கோடு முழங்கால் உயரம். அன்றைக்கு மகளின் பாடப்புத்தகங்கள் மிதந்தன. நான் குறிக்கிறேனே என்று சந்தில் வேறு யாரும் குறிக்கவில்லை.

வீடுவீடாக அளக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வேலை முடிந்து ஓடிவந்தேன். சுவர் பளிச்சென்றிருந்தது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"பெரிய ஆளுங்க வராங்கல்லே? கரியும் அழுக்குமா இருந்தா என்ன நெனப்பாங்க?"

"அடப் பாவி மனுஷா! அந்தக் கரியப் பாக்கத்தான்யா வராங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அளவுநாடாவோடு வந்தார். என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கு ஓர்மை இருக்கு மேடம், இதோ, இவ்வளவு."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஓர்ம அளக்கான் பற்றில்லல்லோ சேச்சீ," என்றார். நினைவை அளக்க முடியாதாம். சரிதான், வேறென்ன சொல்வார்? வீட்டுக்காரர் அவரிடம் சாயாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

வரைபடத்தை அதே மண்டபத்தில், எல்லோரையும் கூப்பிட்டு விரித்தார்கள். தண்ணீர் ஏறும் சந்துகளெல்லாம் நீலம். எங்கள் சந்து வெள்ளை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த ஏற்றம், புதுச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வீட்டுக்காரர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வாங்கி, காலடித் தண்ணீரில் போட்டேன்.