அக்காவின் வாட்ச்

தையல்காரிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சர்க்கரை வந்ததும், இருவரும் நடை கணக்கிடும் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். யார் அதிகம் நடந்தார்கள் என்று போன் காட்டும், தோற்றவளுக்குக் கேலிதான்.

ஒரு வாரமாக அக்காவைக் காணோம். "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா," என்றார் அக்காவின் புருஷன். அங்கேயும் அக்கா தினமும் நடப்பதாகப் போன் காட்டியதால் இவளும் நிம்மதியாக இருந்தாள்.

அன்று மளிகைக் கடையில் பையை வாங்க நீண்ட அக்கா புருஷனின் கையில் அவளுடைய சிவப்புப் பட்டை வாட்ச் இருந்தது.

"மாமா, அக்கா எப்போ வருவாங்க?"

"வருவா," என்றவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இவள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

போலீஸார் அக்கா வீட்டு உள்ளறைப் பூட்டை உடைத்தபோது அக்கா உள்ளே உயிரோடுதான் கிடந்தாள். தையல்காரியைக் கண்டதும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.