சுமைதாங்கியில் மூன்று பேர்

பட்டாளத்தில் அத்தனை வருஷம் இருந்தும் சாமித்துரை அங்கே தோசையைத் தவிர வேறொன்றையும் சுட்டதில்லை. ரெஜிமென்ட் சமையல்காரர். ஊருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் பென்ஷனில் வந்து சைக்கிள் கடை போட்ட நாளிலிருந்து அவரை ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிட்டது. டியூப்புக்கு ஒட்டுப் போட வந்தவர்கள், வேலை முடிகிற வரை பொழுது போக வேண்டுமே என்று, “அண்ணாச்சி, எத்தனை பேரைச் சாய்ச்சிருப்பீய?” என்று கேட்பார்கள்.

“ஆடு கணக்குல வருமாவே?” என்பார் சாமித்துரை.

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் இருக்கிற சாலைக்குறிச்சி அவர் ஊர். அங்கிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் மூன்று பேர். அதில் சுடலைக்கண்ணு, எழுபத்தொன்று சண்டையில் செத்தவன், சாமித்துரையின் ரெஜிமென்ட்டிலேயே இருந்தவன். கடைசியாக அவனுக்குச் சோறு போட்டது சாமித்துரைதான். “சாம்பார்ல உப்பு கூடிட்டு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கு அவன் துணிமணியோடு கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று வந்தது.

அவன் அம்மா சொர்ணத்தாய் வேலிக்கருவை வெட்டிக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுவந்து ஊருக்குள் ஓட்டல்களுக்குப் போடுகிறவள். சாமித்துரையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பாள்.

“சாப்பிட்டுட்டுத்தான போனான்?”

“வயிறாரச் சாப்பிட்டான் சித்தி.” உப்பு விஷயத்தை அவர் சொன்னதில்லை.

ஒருநாள் அவள் வேறு ஒன்று சொன்னாள். “அந்தப் பெட்டியத் தொட்டா வெறும் தகரமாத்தாம்லே இருக்கு. எம்புள்ள இங்கன இருக்காம்னு கைய வைக்க ஒரு எடம் வேணும். சாவதுக்குள்ள வச்சுப் பாத்துருவேனா?”

“நானாச்சு சித்தி” என்று வாயை விட்டுவிட்டார் சாமித்துரை.

எண்பத்தாறில் பேரூராட்சித் தேர்தல் வந்தபோது அவர் சுயேச்சையாக நின்றதற்கு இதுதான் காரணம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதில் மும்முரமாக இருந்ததால் அவர் ஜெயித்துவிட்டார். முதல் கூட்டத்திலேயே விறைப்பாக எழுந்து நின்று, பட்டாளத்தில் உயிர்விட்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கே வைப்பது என்று கேட்டதும் நிறுத்தினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் வைத்தால் ஒன்றுக்கு இருந்துவிடுவான் என்றார் தலைவர் வன்னியபெருமாள். பள்ளிக்கூட வாசல் என்றால் பிள்ளைகள் பயப்படும். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் என்றால், உள்ளே இருக்கும்போது செத்தவர்கள் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். சாமித்துரை மேலத்தெரு முக்கைச் சொன்னார். மேலத்தெரு மெம்பர் உச்சிமாகாளி குதித்து எழுந்தார்.

“எங்க தெருவுல பொண்ணுக இருக்குவே. பொண்ணு பாக்க வாரவன் மொதல்ல செத்தவன் பேரப் படிச்சிட்டா வீட்டுக்குள்ள வரணும்? உம்ம சைக்கிள் கடை வாசல்ல வையுமே!”

“கடை வாடகைக் கடை. ஓனர் வேண்டாங்காரு.”

“அவனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?”

பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையில் கல் தயாராகிவிட்டது. இடம் முடிவாகட்டும் என்று காத்திருக்காமல் சுற்றுப்பட்டு முன்னாள் பட்டாளத்தார்கள் கூடிக் கல்லை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். நீளப் பலகைக் கல். ஒரு ஓரத்தில் ‘தாய்நாட்டிற்காக’ என்றும், அதற்குப் பக்கத்தில் மூன்று பெயர்களும். ஐப்பசியில், மழை இந்தா அந்தா என்று இருக்கும்போது லாரி வந்தது. கரிசலில் மழைக்கு முன்னால் கீழே போட்ட கல்லை மழைக்குப் பிறகு தோண்டித்தான் எடுக்க வேண்டும். லாரிக்காரர் ரோட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஊர் எல்லையில், கடம்பூர் ரோட்டோரம், பழைய சுமைதாங்கி ஒன்றின் இரண்டு கால்கல்கள் மட்டும் நின்றன. மேலே கிடந்த குறுக்குக்கல்லை வைக்கோல் லாரி ஒன்று இடித்து உடைத்துவிட்டுப் போயிருந்தது. லாரித் தட்டும் கால்கல்லும் ஒரே உயரம். அப்படியே தள்ளினார்கள், கல் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. இடம் முடிவாகிற வரைக்கும்தானே என்றார்கள். எழுத்து தரையைப் பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் சாமித்துரை கண்டிப்பாக நின்றார்.

அடுத்த கூட்டத்தில் உச்சிமாகாளி மிகுந்த பணிவோடு எழுந்தார்.

“தலைவருக்கு ஒரு கேள்வி. சுமைதாங்கிக்கல்லு நம்ம பக்கத்துல யாருக்குப் போடுதது?”

வன்னியபெருமாள் யோசிக்காமல் பதில் சொன்னார். “பிள்ளைத்தாச்சியாச் செத்துப்போன பொம்பளைக்கு. வயித்துச் சுமைய எறக்காமப் போனவளுக்காக, வழியில போறவுக தலைச்சுமைய எறக்கி வைக்கதுக்கு.”

“அப்போ நம்ம ஊரு பட்டாளத்தாங்க மூணு பேரும் எத்தனாவது மாசம்?”

சபை சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. நிர்வாக அதிகாரி தீர்மானப் புத்தகத்தில் ‘உறுப்பினர் ஒரு சந்தேகம் எழுப்பினார்’ என்று எழுதிக்கொண்டார்.

சாமித்துரைக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் தகரத்தில் கடைப் பெயிண்டால் ‘இங்கு சுமை இறக்கக் கூடாது’ என்று எழுதிக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். சுமை கொண்டுவருகிறவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தலையில் சுமை இல்லை.

ஒரு மத்தியான வெயிலில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனபோது கல்லின் மேல் ஒரு விறகுக்கட்டு இருந்தது. அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஏட்டி, யாரது? போர்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார். கட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொர்ணத்தாய் தலையை நீட்டினாள்.

“யாரப் பாத்துலே ஏட்டிங்கே?”

“சித்தி, நீங்களா? இது என்ன கல்லுன்னு தெரியுமா?”

“தெரியாமயா? எம்மவன் பேரு எதுலே?”

அவர் தொட்டுக் காட்டினார். அவள் முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்தாள். கல் கொதித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்கவில்லை.

“மத்த ரெண்டும்?”

காட்டினார்.

“பாவம், அதுகளும் சுமக்க வேண்டாம். இந்த ஓரத்துல என்னமோ இருக்கே?”

“அது ‘தாய்நாட்டிற்காக’ன்னு எழுதியிருக்கு.”

“அது தாங்கும்லே” என்று சொல்லி விறகுக்கட்டை அந்த ஓரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் தினமும் அங்கே நின்றாள். ஓட்டல்காரர்கள் விறகு நேரம் கழித்து வருகிறது என்று குறைப்பட்டார்கள்.

தை பிறப்பதற்குள் வன்னியபெருமாளுக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. பேரூராட்சி ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே கல்லை நிறுத்துவது. அது யார் தெருவும் இல்லை, யார் வீட்டு வாசலும் இல்லை. சுற்றிக் கம்பி வேலி, இரும்புக் கேட்டு, பூட்டு. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் திறந்து மாலை போட்டுக்கொள்ளலாம். உச்சிமாகாளியே சரி என்றுவிட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் சாமித்துரை ரோட்டோரம் போய்ச் சொர்ணத்தாயிடம் சொன்னார்.

“விறகோட போனா கேட்டத் தொறந்து விடுவாவளாலே?”

“வருஷத்துல ரெண்டு நாளு தொறப்பாவ சித்தி.”

அவள் கல்லைப் பார்த்தாள். “கொஞ்சம் கைகுடு. கட்டத் தூக்கி விடு” என்றாள்.

கூட்டத்தில் வன்னியபெருமாள் பெருந்தன்மையோடு, “கொண்டு வந்த பொருள் உம்மது. நீரே முன்மொழியும்” என்றார். சாமித்துரை விறைப்பாக எழுந்து நின்றார்.

“தலைவர் அவர்களே, காம்பவுண்டுக்குள்ள கொடிக்கம்பம் இருக்கு. கொடிக்குத் தெக்க நினைவுக்கல்லு வரலாமான்னு மிலிட்டரி ரூலப் பாக்கணும்.”

சபையில் மிலிட்டரி ரூல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் தெரியாது.

“அப்போ வடக்க வைப்போம்வே” என்றார் உச்சிமாகாளி.

“வடக்க கக்கூஸ் இருக்கு.”

பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் நிழல் விழும் திசையைப் பற்றி சாமித்துரை கேட்டார். அதற்கும் அடுத்ததில் அஸ்திவாரக் கரிசலின் ஆழத்தை. “கல்லு வேணும்னு நின்னவனும் இவன்தான், வைக்க விடாதவனும் இவன்தான். பட்டாளத்துல மூளையும் வெந்துபோச்சு போல” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

நடுவில் ஒருநாள் பெயிண்ட் டப்பாவோடு போய், தகரத்தில் ‘கூடாது’ என்பதை மட்டும் அடித்தார். அதற்கு முன்னால் இருந்த ‘க்’கை மறந்துவிட்டார். ‘இங்கு சுமை இறக்கக்’ என்று தகரம் பாதியில் நின்றது.

பேரூராட்சி எல்லைக்குள் இப்படி ஒரு சந்திப்பிழை இருப்பது ஊருக்கே அவமானம் என்று உச்சிமாகாளி அடுத்த கூட்டத்தில் கொதித்தார். விவாதம் நெடுநேரம் நடந்தது. அந்தப் பொருளும் ஒத்திவைக்கப்பட்டது.