கோல்கொண்டாவில் பெண் பார்த்த கதை

செகந்திராபாதில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் கோல்கொண்டா கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவோம். முட்டிவலிக்காரர், சர்க்கரைக்காரர் என்ற பாரபட்சமே கிடையாது. அக்காவைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தபோதும் அதேதான். வீட்டில் பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. லாலாகுடா ரயில்வே பணிமனையில் பார்க்கும் என்ஜினியர் வேலையை அக்கா விடமாட்டாள், மாப்பிள்ளைதான் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வரவேண்டும். அவள் போட்ட ஒரே நிபந்தனை அது. "அதுக்கென்ன, தாராளமா" என்று அந்த அம்மா கேசரியோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டார்.

கோட்டை வாசலில் அப்பா கைதட்டினார். அந்த வளைவுக்குக் கீழே தட்டினால் மலை உச்சிவரை கேட்கும், அந்நாளில் காவலுக்கு அதுதான் அழைப்புமணி. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பட்டாளமே தட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் சுல்தான் இருந்திருந்தால் காதில் பஞ்சு வைத்திருப்பார். போதாக்குறைக்கு அப்பாவின் சரித்திரம் வேறு: முதலில் மண்கோட்டை, பிறகு சுல்தான்கள் கருங்கல்லில் எழுப்பினார்கள், மொகலாயப் பீரங்கிக்கும் அசையவில்லை, கடைசியில் உள்ளே இருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டான்.

"இவ்ளோ தண்டிச் செவுத்தக் கட்டுனவன், கதவுக்கு நல்ல ஆளா வச்சிருக்கக் கூடாதாப்பா?" என்றேன். அப்பா முறைத்தார்.

இடிந்த அரண்மனைப் பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்மூலையில் காதை வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் அது. அப்பா இந்த வித்தையைச் சொல்லி அசத்த நினைத்திருந்தார். அதற்குள் மூச்சு வாங்கி வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பழக்கதோஷத்தில் ஒரு மூலைக்குப் போய்ச் சுவரில் காதை வைத்தாள். நானும் வைத்தேன். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வெயிலுக்கு ஒதுங்கி எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"எம்மா, நெசமாவே நான் இங்க மாத்திட்டு வரணுமா?"

"கூறுகெட்டவனே, கல்யாணம் முடியட்டும்ல. ஒரு புள்ள பெறந்தா அவளே வேலய விட்டுட்டு வந்துருவா. அதுவர வாயத் தொறக்காத."

அக்கா அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். அவளோ என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு சுவரில் வாய் வைத்தாள்.

"அத்தே, நான் வேலய விடமாட்டேன். ஒங்க மகன வேணா விட்டுருதேன்."

அந்த அம்மா சுவரே பேசியதுபோல் துள்ளி விலகினார். மாப்பிள்ளை திரும்பி எங்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதற்குள் அப்பா மூச்சு சீராகி, முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"எப்டி, தெளிவா கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா" என்றாள் அக்கா. "அவங்களுக்கும் கேட்டுச்சு."